கல்லாவோடு நின்று திரும்பிப் போகாதீர்கள்: தொழிலாளர் நலத் துறைக்கு ஒரு ஹோட்டல் சமையல்காரரின் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கும்,

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசு அனுமதி கொடுத்தது. மூன்று ஆண்டுக்கென்று கொடுத்த அந்த அனுமதி 2022இல் நீட்டிக்கப்பட்டது. 2025இல் மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. இரண்டு தடவையும், போட்ட நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று எங்களிடம் வந்து ஒருவரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே பதில் எழுதுகிறேன். நான் மதுரையில் சரக்கு மாஸ்டர், அதாவது ஹோட்டலில் குழம்பு, கறி வகைகளைச் சமைப்பவன். இருபது வருஷத்துக்கு மேலாக ஹோட்டல் அடுப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. நான் நின்ற எந்த அடுப்படியிலும் அந்த நிபந்தனைகள் நடக்கவில்லை.

அரசாணையைத் தேடி எடுத்து வாசித்தேன். எங்களுக்காக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். யாரையும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது. ஓவர்டைமைச் சேர்த்தால்கூட நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரத்தில் ஒருநாள் விடுமுறை. இன்றைக்கு யார் யார் விடுமுறை என்று எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதி வைக்க வேண்டும். சம்பளமும் ஓவர்டைமும் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். ஓய்வறையும் கழிப்பறையும் பொருட்களைப் பூட்டி வைக்கப் பெட்டியும் தர வேண்டும்.

விடுமுறைப் பலகை என்ற ஒன்றை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை. சம்பளம் வேலை முடித்துக் கிளம்பும்போது கல்லாவிலிருந்து ரொக்கமாக வருகிறது. வாங்கியதற்குக் கையெழுத்தும் கிடையாது, எத்தனை மணி நேரத்துக்கு என்ற கணக்கும் கிடையாது. பூட்டுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரில் அடித்த ஆணிகள் இருக்கின்றன. சட்டையை அதில் மாட்டிவிட்டு அடுப்புக்குப் போகிறோம்.

என் வேலை நாளைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு அடுப்பு பற்ற வைக்கிறேன். பன்னிரண்டு மணிக்குள் மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, ரசம், சுக்கா, கூட்டு, பொரியல் எல்லாம் பந்திக்குத் தயாராக வேண்டும். மூன்றரை வரை சாப்பாடு ஓடும். அதன்பின் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதில்தான் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், தூங்க வேண்டும். ஐந்து மணிக்கு சால்னாவுக்கு வெங்காயம் வதங்க ஆரம்பித்தால் இரவு ஒரு மணிக்குத்தான் கரண்டியைக் கீழே வைப்பேன். பதினான்கு மணி நேரம் நின்றபடி. பரோட்டா மாஸ்டருக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்று மணிக்கு மாவு பிசைய வருகிறவர், மாவை அடித்து, உருட்டி, வீசி, கல்லில் போட்டு எடுத்து, கடைசி கொத்துப் பரோட்டாவைக் கொத்தி முடிக்க இரண்டு மணியாகிவிடும். ஆனால் அவருக்குத் தோள்பட்டை போய்விடும். ராத்திரி முழுக்க இரும்புக் கல்லின் மேல் இரும்பு விழும் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் காதும் மந்தமாகிவிடும். என்னோடு வேலை பார்த்த வயதான மாஸ்டர்கள் இருவரிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும்.

எனக்கு நாள் சம்பளம் 900 ரூபாய். வெளியிலிருந்து கேட்பவர்களுக்குக் குறைவாகத் தோன்றாது. மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள், 64 ரூபாய்தான். அந்த 900ஐ எட்டு மணி நேரக் கூலி என்று வைத்தால் மணிக்கு 112 ரூபாய் 50 காசு. மீதி ஆறு மணி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றால் 1,350. 2,250 வர வேண்டிய வேலைக்கு 900 வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி, ஓவர்டைம் கொடுத்தால்கூட வாங்கக் கூடாத வேலை. இதில் நான் மாஸ்டர். காய் நறுக்குகிறவருக்கும் பாத்திரம் தேய்க்கிறவருக்கும் இதில் பாதிதான். வார விடுமுறை எடுக்கலாம், யாரும் காலைக் கட்டிப் போடவில்லை. எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. பண்டிகைக்கு ஊரே வீட்டில் இருக்கும், எங்களுக்கு அன்றுதான் ஓட்டம் அதிகம்.

ஊருக்குள் எந்த ஹோட்டல் வாசலைப் பார்த்தாலும் ‘மாஸ்டர் தேவை, சப்ளையர் தேவை’ என்று அட்டை தொங்குகிறது. உணவும் தங்குமிடமும் இலவசம் என்று போட்டிருப்பார்கள். சில அட்டையில் சம்பளமும் இருக்கும். வேலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிய அட்டையை மட்டும் எங்கேயும் பார்க்க முடியாது. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சங்கக் கூட்டங்களில் குறைப்படுகிறார்கள். ஆள் இருக்கிறார்கள். என் மகன் இருக்கிறான், கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பனின் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மாட்டார்கள். வரச்சொல்ல எனக்கும் மனசு வராது.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. சில நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. அந்தச் செய்தியை நாங்கள் சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு ஒருவர் போனில் சேர்ந்து பார்த்தோம். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வேண்டாம் என்று ஒரு மாநிலமே எழுந்து நின்ற அன்று, இந்தப் பதினான்கு மணி நேரத்தை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உணவு நிறுவனங்களுக்கென்று 1958லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சட்டம் இல்லாமல் நாங்கள் கஷ்டப்படவில்லை. சட்டம் எங்கள் அடுப்படி வரை வந்து சேரவில்லை.

அடுப்படிக்குள் அரசு வர முடியாது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் வருகிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வருகிறார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்தபோது மாநிலம் முழுக்க வந்தார்கள். ஃப்ரீசரைத் திறந்தார்கள், எண்ணெயைப் பார்த்தார்கள், பழைய கறியைக் கொட்டினார்கள். சரியான வேலை, இன்னும் அடிக்கடி வர வேண்டும். ஒரு குழந்தையின் உயிரைவிட எங்கள் பிழைப்பு பெரிதில்லை. அந்த வழக்கில் உரிமையாளரோடு அங்கே வேலை பார்த்த சமையல்காரர்களும் கைதானதைச் செய்தியில் படித்தோம். சமைத்தவனுக்குப் பொறுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதே சமைத்தவன் எத்தனை மணி நேரம் தூங்கினான், கறி கெட்டிருக்கிறது என்று சொல்ல அவனுக்கு அந்தக் கடையில் வாய் உண்டா, சொன்னால் மறுநாள் வேலை உண்டா என்று விசாரிக்கவும் ஒரு அதிகாரி வேண்டாமா? தலையில் தொப்பி இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, மருத்துவச் சான்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சான்று எங்களிடமிருந்து சாப்பிடுகிறவருக்கு நோய் ஒட்டாமல் காக்க. எங்கள் முழங்காலுக்கும் முதுகுக்கும் என்ன ஆனது என்று எழுத அதில் இடமே இல்லை.

உங்கள் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பகலில் வருவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடப்படும், காபி போகும், ரெஜிஸ்டர் போகும். அதில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கல்லாவிலிருந்து அடுப்படிக்கு இருபது அடி தூரம். அந்த இருபது அடியை நடந்து வந்து, ‘அண்ணே, எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள்?’ என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியாது. இந்த மடலில் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது இதுதான்.

ரெஜிஸ்டரில் என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் அடுப்படியிலும் பந்தியிலுமாகச் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தோம். ரெஜிஸ்டரில் ஒன்பது பேர். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்ட வேண்டும், இருபது பேர் ஆனால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியும் கட்ட வேண்டும். அதனால்தான் ஒன்பது. அங்கே ஒரு பரோட்டா மாஸ்டர் தம்பி, கூட்டமான இரவில் கொதிக்கிற சால்னா அண்டாவைத் தூக்கும்போது வழுக்கிவிட்டார். வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர்தான், அவரே காரில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், பணமும் கட்டினார். அந்தப் பணம் பிறகு அந்தத் தம்பி பெயரில் அட்வான்ஸாக எழுதப்பட்டது. கை ஆறும்வரை சம்பளம் கிடையாது. ஆறிய பிறகு வந்து, வெந்த கைக்கான கடனை அந்தக் கையாலேயே பரோட்டா வீசிக் கழித்தார்.

இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வைத்தியம் இலவசம். வேலையில் பட்ட காயம் என்பதால் ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். இதற்குத் தொழிலாளி கட்ட வேண்டியது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம். அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை பேரும் இல்லாதவர்களாக்கப்பட்டோம்.

அட்வான்ஸைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மகள் கல்யாணம், வீட்டுக் கூரை, ஆஸ்பத்திரிச் செலவு என்று மாஸ்டர் கை நீட்டுவார். முதலாளி தருவார். எழுத்தில் எதுவும் இருக்காது. மாதம் எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு கழிந்தது என்பது முதலாளி கையிலிருக்கும் சின்ன நோட்டில் மட்டும் இருக்கும். அது தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. போனால் புது முதலாளி பழைய கணக்கைத் தீர்த்து எங்களை எடுத்துக்கொள்வார், கடன் கைமாறும், நாங்களும் கைமாறுவோம். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்த நாட்டில், இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்றும் சொன்னது. நல்ல முடிவு. கத்தரி வெயில் நாளில் மதுரையின் ஒரு ஹோட்டல் அடுப்படிக்குள் வந்து பாருங்கள். மேலே தகரம் அல்லது தாழ்ந்த கான்கிரீட். ஒரு பக்கம் மூன்று பெரிய அடுப்பு, மறுபக்கம் தோசைக்கல், வெளியேற்று விசிறி இருந்தால் அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி பாதி வேகத்தில் சுற்றும். கஸ்டமர் உட்காரும் ஏ.சி. அறையின் வெளி யூனிட் சில கடைகளில் எங்கள் பக்கமாகத்தான் சூடான காற்றைத் தள்ளுகிறது. தண்ணீர் குடித்தால் வியர்வையாகப் போய்விடும். அதிகம் குடிக்கவும் பயம், ஏனென்றால் அடுப்பை விட்டு நகர முடியாது. சிறுநீரகக் கல் வராத மாஸ்டரை எனக்குத் தெரிந்த வட்டத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

பெண்கள் நிலை இதைவிட மோசம். காய் நறுக்கி, மசாலா அரைத்து, பாத்திரம் தேய்க்கும் அக்காக்களுக்குப் பல கடைகளில் தனிக் கழிப்பறை இல்லை. கஸ்டமர் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். எங்கள் கடை மீன் குழம்புக்குப் பெயர் வாங்கித் தந்த மசாலா ஒரு அக்காவின் கைப்பக்குவம். அவருக்குச் சம்பளம் ஹெல்ப்பர் சம்பளம்.

கடைகளில் நிற்பவர்களுக்கு உட்காரும் உரிமை தர வேண்டும் என்று 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினீர்கள். ஜவுளிக் கடைப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். அடுப்படியில் ஒரு முக்காலி போட்டால் குழம்பு கெட்டுவிடாது. வெங்காயம் உரிப்பதையும் மாவு உருட்டுவதையும் உட்கார்ந்து செய்யலாம். குழம்பு கொதிக்கும் நேரத்தில் காலைக் கொஞ்சம் ஆற்றலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்காகவும் எழுத வேண்டும். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்று எங்கள் அடுப்படியில் பாதிப் பேர். இவர்களால்தான் நம் ஆட்களுக்குச் சம்பளம் ஏறவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளத்தை இறக்கியவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். ஒரு வருஷம் ஊருக்குப் போகாமல் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு எந்த அலுவலகத்தில் யாரிடம் முறையிடுவது என்று தெரியாது, மொழியும் தெரியாது. அவர்கள் சம்பளமும் நேரமும் சரியானால் எங்களுடையதும் தானாகச் சரியாகும்.

முதலாளிகள் தரப்பையும் நான் அறிவேன். வாடகை ஏறுகிறது, ஆன்லைன் ஆர்டரில் கமிஷன் போகிறது. உண்மைதான். சின்னக் கடைக்காரர் பலர் எங்களோடு சேர்ந்தே நின்று வேகிறார்கள், அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் கிளைக்கு மேல் கிளை திறக்கும் கடைகளில், 19 கிலோ சிலிண்டர் விலை ஏறினால் மறுவாரமே தோசை விலை ஏறுகிறது. எங்கள் கூலி ஏற வேண்டுமென்றால் மட்டும் தீபாவளி வரட்டும், பொங்கல் வரட்டும் என்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

24 மணி நேர அனுமதியைப் பயன்படுத்தும் ஹோட்டல்களில் இரவு பதினோரு மணிக்கு மேல் ஆய்வு நடத்துங்கள். ரெஜிஸ்டரில் உள்ள பெயர்களை அடுப்படியில் நிற்கும் ஆட்களோடு ஒப்பிடுங்கள். முதலாளியும் மேனேஜரும் இல்லாத இடத்தில் எங்களைத் தனியாகப் பேச விடுங்கள். வடமாநிலப் பிள்ளைகளிடம் பேச அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். அனுமதியை 2028இல் மறுபடி நீட்டிக்கும் முன், எத்தனை ஹோட்டல்களில் ஆய்வு நடந்தது, எத்தனையில் நிபந்தனை மீறப்பட்டது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். மீறிய கடைக்கு அனுமதியை ரத்து செய்யுங்கள்.

வந்த நேரமும் போன நேரமும் பதியாமல் எந்த ஹோட்டலும் ஆள் வைக்கக் கூடாது. சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும். சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், ஹெல்ப்பர், கிளீனர் என்று எங்களுக்குப் புரியும் பெயர்களில், குறைந்தபட்சக் கூலியும் அதற்கான மணி நேரமும் எழுதிய பலகையைத் தமிழிலும் இந்தியிலும் அடுப்படிச் சுவரில் மாட்டச் செய்யுங்கள். அகவிலைப்படி ஏப்ரல் 1 தோறும் மாறும்போது அந்தப் பலகையும் மாற வேண்டும்.

அட்வான்ஸ் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு பிரதி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். வேலையில் பட்ட காயத்தின் வைத்தியச் செலவை அட்வான்ஸில் எழுதுவதைக் குற்றமாக்குங்கள்.

அடுப்படி வெப்பத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஓடுகிற வெளியேற்று விசிறி, குடிநீர், உட்கார இருக்கை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இவை இல்லாத சமையலறைக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையோடு பேசி, அவர்கள் ஆய்வுப் படிவத்திலேயே இவற்றையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அவர்கள் எப்படியும் அடுப்படி வரை வருகிறார்கள்.

சமையல் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களுக்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போக முடியாது. மதுரை மாட்டுத்தாவணி, சென்னை கோயம்பேடு, கோவை காந்திபுரம் போன்ற ஹோட்டல்கள் நெருங்கிய இடங்களில், பிற்பகல் மூன்றரை முதல் ஐந்து மணிக்குள் பதிவு முகாம் நடத்துங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று வரும் மே நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். எங்களில் சிலரை நேரில் அழைத்துக் கேட்பதாக இருந்தால் வருகிறோம். அதையும் பிற்பகல் நான்கு மணிக்கு வையுங்கள், மற்ற நேரத்தில் எங்களுக்கு அனுமதி கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு சரக்கு மாஸ்டர்,
மதுரை.